காமாலை இறங்கியது யாரால்?

வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் எங்கள் ஆயா டியூப்லைட் வெளிச்சத்தை நம்பமாட்டார். காமாலை என்று சந்தேகம் தட்டினால் பிள்ளையை வாசல் வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார். கட்டைவிரலால் மேலிமையைத் தூக்கி, "கீழ பாரு" என்பார். "இன்னாடா, கண்ணு இப்டி மஞ்சளா கீது?" மறுநாள் விடிவதற்குள் அம்மியில் கீழாநெல்லி அரைபடும். இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டி நெல்லிக்காய் தொங்கும் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு விழுதை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார். எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது. ஏழாம் வகுப்பில் எனக்கு வந்தபோது மூன்று வாரம் மோர்சோறு. மூன்றாம் வாரக் கடைசியில் கண் வெளுத்தது. பெயர் கீழாநெல்லிக்குப் போனது.

அந்தப் பெயர் அதற்குச் சேரவேண்டியதுதானா?

முதலில் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடாகிப்போனதை மண்ணீரல் உடைக்கும்போது மிஞ்சுகிற மஞ்சள் கழிவுதான் பிலிருபின். தினமும் கால் கிராமுக்குச் சற்று மேலே சேரும். இது தண்ணீரில் கரையாது. அல்புமின் என்ற புரதத்தைத் தொற்றிக்கொண்டு கல்லீரலுக்கு வந்தால், கல்லீரல் அதைக் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். மலத்தின் பழுப்பு நிறம் அதிலிருந்து வருவதுதான். கல்லீரல் செல்கள் அடிபட்டு வீங்கினால் மாற்றிய சரக்கு குடலுக்குப் போகாமல் ரத்தத்துக்கே திரும்புகிறது. கரையக்கூடியதாகிவிட்டதால் சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளும். அதனால்தான் கண் மஞ்சளாவதற்கு இரண்டொரு நாள் முன்பே மூத்திரம் டிகாக்ஷன் நிறத்தில் போகிறது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டி இருக்கவேண்டிய பிலிருபின், மூன்றை நெருங்கும்போதுதான் கண்ணில் தெரியும். மூத்திரத்தில் சோற்றுப் பருக்கையைப் போட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனையிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. என்ன, தண்ணீர் குறைவாகக் குடித்தவனுக்கும் பருக்கை மஞ்சளாகும்.

எங்கள் தெருவில் வந்த காமாலையில் பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. இரண்டும் தண்ணீர் வழியாக வரும் வைரஸ். குழாயில் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும் இடங்களில், மீதி நேரம் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. விரிசல் இருந்தால், பக்கத்தில் ஓடும் சாக்கடை உள்ளே கசியும். அந்த நேரத்தில் அடிபம்பை அடித்தால் அதை நாமே உறிஞ்சி இழுக்கிறோம். 1955-56இல் டெல்லியில் குடிநீரில் கழிவுநீர் கலந்து ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வைரஸ் உள்ளே போய் கண் மஞ்சளாக சுமார் ஒரு மாதம் ஆகும். அதற்குள் எந்தக் குடத்துத் தண்ணீர் என்று யாருக்கு நினைவிருக்கும்?

இந்த வைரஸ்கள் கல்லீரல் செல்லை நேராகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு நம் எதிர்ப்பு அணுக்களே கொல்கின்றன. உடைந்த செல்லிலிருந்து எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி ரத்தத்தில் கொட்டுகிறது. 40க்குள் இருக்கவேண்டியது 1,000ஐத் தாண்டும். வைரஸ் ஒழிந்ததும் கொலை நிற்கிறது. மிச்சமிருக்கும் செல்கள் பிரிந்து பெருகி இடத்தை நிரப்புகின்றன. இந்த வளரும் குணம் அசாதாரணமானது. 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். மிச்சப் பங்கு சில நாட்களிலேயே ஏறக்குறைய பழைய எடைக்கு வளர்ந்துவிட்டது. அப்பா ஒரு பங்கை அறுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இருவருமே பிழைப்பதும் இதனால்தான். 1998இல் டெல்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

ஆக, முதல் வாரம் எதைக் கொடுத்தாலும் மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கண் வெளுக்கும். கீழாநெல்லி கொடுத்தாலும் சரி, கையில் சூடு போட்டாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி.

கீழாநெல்லியை நியாயமாகச் சோதிக்கவேண்டும் என்றால் தானாகக் குணமாகாத நோயில் சோதிக்கவேண்டும். இதைப் புரிந்துகொண்டு செய்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு ஹெபடைடிஸ் பி-ஐ எடுத்துக்கொண்டது. அந்த வைரஸை வருஷக்கணக்கில் சுமப்பவர் உடலிலிருந்து அது தானாகக் கழிவது அபூர்வம். குழுவில் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பாரூக் புளூம்பெர்க்கும் இருந்தார். ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. உலகமே திரும்பிப் பார்த்தது.

இரண்டே வருஷத்தில் தாய்லாந்தில் அதே மாதிரி சோதித்தார்கள், பலிக்கவில்லை. பிறகு வேறு நாடுகளிலும் செய்து பார்த்தார்கள், சென்னையில் வந்த எண்ணிக்கை வரவில்லை. செடி வேறு வகை, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று வாதங்கள் உண்டு. அவை அசட்டு வாதங்களும் அல்ல. ஆனாலும் இன்றைக்கு ஹெபடைடிஸ் பி வைத்துக்கொண்டு கீழாநெல்லியை மட்டும் நம்பி உட்காருவது ஆபத்து. அதை அடக்கிவைக்க மாத்திரை இருக்கிறது, வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. அந்தச் சென்னைச் சோதனையை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். ஆயாவின் மருந்துக்கும் ஒரு போலிப் பொடியை எதிரில் வைத்துக் கேட்டார்களே, அது பெரிய விஷயம். மோர்சோற்றுப் பத்தியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. செல்கள் பெருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பட்டினி போடுவது!

எல்லாருக்கும் இப்படி இறங்கிவிடாது. சிலருக்குச் செல்கள் பெருகுவதைவிட வேகமாகச் சாகின்றன. கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்து. அப்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டு நம்மை ஏமாற்றும். எஸ்.ஜி.பி.டி. 3,000இலிருந்து 300க்கு இறங்கினால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கொட்டுவதற்குச் செல்லே மிச்சம் இல்லை என்றாலும் அது இறங்கும். அதனால் டாக்டர்களின் கண் பக்கத்து வரிக்குப் போகும்: ஐ.என்.ஆர். ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் செய்கிறதா என்பதன் கணக்கு அது. ஆரோக்கியமானவருக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால், எஸ்.ஜி.பி.டி. என்ன சொன்னாலும், மாற்றுக் கல்லீரலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில், பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலேயே அந்த அறுவை சிகிச்சை நடக்கிறது.

சீட்டு வருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது, அதைக் கூட இருப்பவரிடம்தான் கேட்பார்கள்: "பகல்ல தூங்கிட்டு ராத்திரி முழிச்சிருக்காரா?" கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா மூளைக்கு ஏறும்போது முதலில் கெடுவது தூக்கம். அடுத்து நோயாளியிடம் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் பிடிக்கச் சொல்வார்கள். மணிக்கட்டு திடீர் திடீரென்று தொய்ந்து விழுகிறதா என்று பார்த்துவிட்டு, "நூத்துலேர்ந்து ஏழைக் கழிச்சுக்கினே வா" என்பார்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று வந்தால் சரி. எண்பத்தாறிலேயே நின்றுபோனால், அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.