படிக்கும்போது கண்ணு இன்னா பண்ணுது, ரீல்ஸ்ல இன்னா ஆவுது?

காசிமேட்டுல எதுனா ஒரு டீக்கடைல பேப்பர் படிச்சினு இருக்கிற பெருசு எதிர்ல குந்தி அவரு கண்ண மட்டும் பாருங்க, மொறைச்சாருன்னா நான் பொறுப்பில்ல. வரி மேல கண்ணு வழுக்கினு போவும்னு தான நெனைப்போம், அப்டி போவாது, டக்கு டக்குனு தாவும், ஒவ்வொரு எடத்துலயும் கால் செகண்டு கிட்ட நிக்கும், அப்டி நிக்கிறப்போ தான் எழுத்து உள்ள போவுது. தாவுறப்போ நாம கிட்டத்தட்ட குருடு. 1870கள் கடைசில பாரிஸ்ல எமில் ஜவால்ன்ற கண் டாக்டரோட லேப்லயே இத கவனிச்சிட்டாங்க.

இனிமே தான் மேட்டரே. பத்து தாவல்ல ஒண்ணாச்சும் பின்னாடி போவும். "யாரு இந்த மாரியப்பன், ஐஸ் கம்பெனிக்காரன் தம்பியா?"ன்னு மனசு ஒரு நொடி தடுமாறுனா போதும், கண்ணு தானா திரும்பிப் போய் பாத்துட்டு வந்துடும், நமக்கே தெரியாது. 2014ல அமெரிக்காவுல ஒரு சோதனைல, கண்ணு தாண்டுன வார்த்தைய உடனே மறைச்சிட்டாங்க. அவ்ளோதான், புரியிறது கொறைஞ்சி போச்சி.

படிக்கிறப்போ எங்க நிக்கணும், எங்க திரும்பணும்னு நம்ம கண்ணு தான் முடிவு பண்ணுது, ரீல்ஸ்ல அந்த வேகத்த பெரும்பாலும் வீடியோ தான் முடிவு பண்ணுது. தள்ளுனா அடுத்தது செம்மையா இருக்கலாம், மொக்கையா இருக்கலாம், அந்த தெரியாதது தான் கொக்கி. நம்ம ஏரியால மாடில வளக்கறாங்களே, அதே புறாவ வெச்சி ஸ்கின்னர்ன்ற சைக்காலஜிஸ்ட் பாத்தாரு, எத்தினி வாட்டி கொத்துனா தீனி வரும்னு கணக்கே இல்லாம குடுத்தா விடாம கொத்தினே இருந்துச்சி, தீனிய நிறுத்துன பிறகும் ரொம்ப நேரம். எதிர்பாக்காம கிடைக்கிறதுக்கு தான் மூளைல டோபமைன்ற கெமிக்கல் துள்ளும், தெரிஞ்சது தெரிஞ்ச மாதிரியே வந்தா கம்முனு இருக்கும். வண்ணாரப்பேட்டைல மெட்ரோ ஏறி விம்கோ நகர் வரைக்கும் கட்டைவிரல் ஓயாத பசங்கள சோம்பேறின்னு திட்டி பிரயோஜனமே இல்ல.

கதை புக்கு மொத பத்து பக்கம் இழுவையா இருக்கும், ஏன்னா ஆளு, தெரு, வீடு எல்லாத்தையும் நம்ம மண்டை தான் கட்டணும். அப்பறம் ஒண்ணு நடக்கும். விக்டர் நெல்ன்ற தென்னாப்பிரிக்க சைக்காலஜிஸ்ட் 1980கள்ல ஜாலிக்குப் படிக்கிறவங்களோட வேகத்த அளந்தாரு, ரொம்ப புடிச்ச பக்கம் வந்தா வேகமா புரட்டுவாங்கன்னு தான நெனைப்பீங்க, அங்க போய் ஸ்லோ ஆனாங்க. சோறு தீரப்போவுதேன்னு கடைசி மீன் துண்ட ஒதுக்கி வெப்போமே, அது கணக்கா. ரீல்ஸ்ல புடிச்சத மறுபடி மொதல்லேந்து ஓட்டலாம், அதே முப்பது செகண்டு தான்.