ரைபிள் வாங்கிவிட்டீர்கள், ரேஞ்ச் பார்த்தீர்களா?

புதிதாக ஒருவர் ஏர் ரைபிளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சித் தளத்துக்கு, வந்தால் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டுகள் உள்ள டப்பாவை. மூடியைத் திறந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தலை தட்டையாக இருந்தால் அது காகித டார்கெட்டுக்கான பெல்லட், பஞ்ச் அடித்ததுபோல வட்டமாக ஓட்டை விழும், புள்ளி எண்ணுவது சுலபம். தலை கூராக இருந்தால் யாரோ "இதுதான் சார் பவர்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம்தான் பையைப் பிரிக்கச் சொல்வேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு அப்பாவும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகளும் எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தார்கள். கையில் இரண்டு டப்பா கூர் பெல்லட். பைக்குள் குழலை மடித்து லோட் செய்கிற ஸ்பிரிங் ரைபிள், மேலே ஒரு ஸ்கோப். ஆன்லைனில் பார்த்துப் பார்த்து, காசு சேர்த்து, பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். இந்த ரைபிளை எங்கள் லேனில், அதாவது ஒருவர் நின்று சுடுகிற தடத்தில், சுட விட முடியாது என்று நான் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. அப்பா கேட்டார்: "லைசென்ஸ் வேண்டாத ரைபிள்தானே சார், அப்புறம் இங்கே மட்டும் ஏன் கூடாது?"

நியாயமான கேள்வி. மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். பயிற்சியாளராகவும் ரேஞ்ச் அதிகாரியாகவும் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ரைபிளை வாங்கிய பிறகு ரேஞ்ச் தேடுவதுதான் நம் ஊர் வழக்கமாகிவிட்டது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும், ரேஞ்சை முதலில் பாருங்கள், அங்கே எதைச் சுட முடியுமோ அதை வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குழல் விட்டமும் 20 ஜூலுக்கு (ஜூல் என்பது ஆற்றலின் அளவு) மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்தால் போதும். இதைத் தாண்டினால், 5.5 மி.மீ. ஏர் ரைபிளாக இருந்தாலும் சரி, தோட்டா போடுகிற பாயிண்ட் 22 (0.22 அங்குல) ரைபிளாக இருந்தாலும் சரி, லைசென்ஸ் வேண்டும். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதும் எல்லா ரேஞ்சிலும் சுடலாம் என்பதும் ஒன்றல்ல. பத்து மீட்டர் போட்டியில் பயன்படும் ஏர் ரைபிளில் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும், சக்தி ஏழரை ஜூல் அளவுதான். எங்களுடையது போன்ற பத்து மீட்டர் ரேஞ்சில் டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கிற பெட்டி, எலக்ட்ரானிக் டார்கெட், எல்லாமே அந்த அளவை மனதில் வைத்துச் செய்தவை. 20 ஜூல் அளவை ஒட்டி வருகிற ஸ்பிரிங் ரைபிள் அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் அடிக்கும். டார்கெட் கெட்டுப்போவது ஒரு பக்கம், பெல்லட் எந்தப் பக்கம் சிதறும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் பெரிய கவலை. அந்த மாதிரி ரைபிளுக்கு 25 அல்லது 50 மீட்டர் திறந்தவெளி லேனும், பின்னால் உயரமான மண்மேடும் உள்ள கிளப் வேண்டும். அப்படிப்பட்ட இடம் நம் பக்கம் குறைவு, இருக்கிற இடத்திலும் எல்லோரும் அனுமதிப்பதில்லை. வாங்குவதற்கு முன் ஒரு போன் செய்து "இந்த மாடல், இத்தனை ஜூல், சுடலாமா?" என்று கேட்டிருந்தால் அந்த அப்பாவுக்குக் காசு மிச்சமாகியிருக்கும்.

ரேஞ்ச் கிடைக்காதபோது எல்லோரும் போகிற இடம் மொட்டை மாடி. ஒரு பிளைவுட் பலகை, அதில் ஒட்டிய டார்கெட், பின்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. தயவுசெய்து வேண்டாம். பலகை நாலு நாளில் சல்லடையாகும், ஐந்தாம் நாள் பெல்லட் அதைத் தாண்டிப் போகும். பலகைக்குப் பதில் இரும்புத் தகட்டை வைத்தால் பெல்லட் உங்கள் கண்ணை நோக்கியே திரும்பி வரும். குறி தப்பினால் ஏர் ரைபிள் பெல்லட்டே சில நூறு மீட்டர் போகும், பாயிண்ட் 22 தோட்டா டப்பாக்கள் பலவற்றில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டே விற்கிறார்கள்.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் நடந்ததைத் துப்பாக்கியைத் தொடுகிற யாரும் மறக்கக் கூடாது. பசுமலைப்பட்டி சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ம் தேதி அவன் இறந்துபோனான். அது படையினரின் துப்பாக்கி, நாம் சுடுவது சின்ன ஈயத் துண்டு, தெரியும். ஆனால் எந்த ரேஞ்சுக்குள் நுழைந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதேதான்: டார்கெட்டில் படாமல் போனது எங்கே போய் நிற்கும்?

அதனால் ரேஞ்ச் பார்க்கப் போகும்போது டார்கெட்டை விட்டுவிட்டு அதற்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் பாருங்கள். உள்ளரங்கு ரேஞ்ச் என்றால், சுடுபவர்கள் நிற்கிற கோட்டுக்கும் டார்கெட்டுக்கும் நடுவில் ஏதாவது கதவோ ஜன்னலோ இருக்கிறதா? இருந்தால் அது உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறதா, அல்லது டீ கொண்டுவருகிற பையன் எப்போது வேண்டுமானாலும் அதைத் திறந்துகொண்டு வரலாமா? கல்யாண மண்டபத்தையோ பழைய குடோனையோ ரேஞ்சாக மாற்றும்போது இந்தப் பக்கக் கதவு அப்படியே தங்கிவிடுகிறது, நானே நாலைந்து இடத்தில் பார்த்திருக்கிறேன். அடுத்து தரையைப் பாருங்கள். டார்கெட் பெட்டிக்கு அடியில் நசுங்கிய ஈயத் துணுக்குகள் கிடந்தால் பரவாயில்லை, கூட்டி எடுக்க வேண்டியதுதான். அதே துணுக்குகள் சுடுகிற கோட்டுக்குப் பக்கத்தில், உங்கள் காலடியில் கிடந்தால் பெல்லட் திரும்பி வருகிறது என்று அர்த்தம், அங்கே பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

அப்புறம் ஓர் அரை மணி நேரம் பின்னால் உட்கார்ந்து சும்மா கவனியுங்கள். "லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்", "அன்லோட்" என்று ஒருவர் குரல் கொடுக்கிறாரா, அந்தக் குரலுக்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்களா? டார்கெட்டை மாற்ற யாராவது முன்னால் போனால் மற்ற எல்லா ரைபிள்களும் திறந்த நிலையில், சேஃப்டி ஃபிளாக் செருகி, யார் கையும் படாமல் கீழே இருக்க வேண்டும். குழல் காலி என்பதைத் தூரத்திலிருந்தே காட்டுகிற அந்த ஆரஞ்சு நிற இழை சில ரூபாய்தான் பெறும், அதைப் பயன்படுத்தாத ரேஞ்ச் வேறு எதில் காசு போட்டிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. பொறுப்பாளர் மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லேனில் யாராவது ரைபிளைத் திருப்பி நண்பனிடம் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள். உட்கார்ந்து பார்க்கவே அனுமதி இல்லை என்று சொன்னாலும் அப்படித்தான்.

ஈயம் பற்றிப் பெற்றோர்கள் என்னிடம் கேட்பதே இல்லை, எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பெல்லட் என்பது ஈயம். பெட்டியின் இரும்பில் மோதி நசுங்கும்போது மாவு போன்ற தூசி உண்டாகும். பாயிண்ட் 22 சுடுகிற மூடிய ரேஞ்சில் இன்னும் மோசம், தோட்டாவைப் பற்றவைக்கிற மருந்திலேயே பொதுவாக ஈயம் இருப்பதால் அது புகையோடு மூச்சில் போகும். வளர்கிற பிள்ளைகளின் மூளையைத்தான் ஈயம் முதலில் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கு அவர்கள் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஆபத்து. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பாருங்கள்: காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து டார்கெட் பக்கம் போய் வெளியேறுகிறதா, அல்லது ஏசி போட்டு எல்லாவற்றையும் அடைத்துவைத்து அதே காற்றைச் சுற்ற விடுகிறார்களா? சாயங்காலம் தென்னந்துடைப்பத்தால் கூட்டினால் தூசி முழுவதும் மேலே எழும்பும், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கை கழுவ சோப்பும் குழாயும் வாசலிலேயே இருக்கிறதா? லேனுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிடுவதையும், பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோட் செய்வதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ரேஞ்சில் உள்ளே தண்ணீர் பாட்டிலைத் தவிர எதுவும் கிடையாது, தம்பி தங்கைகளை அழைத்துவந்து தரையில் விளையாட விடவும் அனுமதியில்லை. சிலருக்கு என்மேல் கோபம் உண்டு, இருக்கட்டும்.

வெளிச்சம், தூரம், உயரம் பற்றியெல்லாம் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். சர்வதேச விதிப்படி டார்கெட் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சமும், மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும். நல்ல கிளப் இதை அளந்து வைத்திருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆரம்பத்தில் கற்றுக்கொள்ளலாம், பாதுகாப்பில்தான் முன்னே பின்னே கூடாது.

காற்று சிலிண்டர் உள்ள போட்டி ரைபிள் வாங்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் பாருங்கள். அதில் 200 பார், அதாவது சாதாரணக் காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் நிற்கும். ஜெர்மன் கம்பெனிகளின் அலுமினிய சிலிண்டர்களுக்குப் பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள், தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். செகண்ட் ஹேண்டில் ரைபிள் மலிவாகக் கிடைத்தால் முதலில் அந்தத் தேதியைப் படியுங்கள். காற்று எங்கே நிரப்புவார்கள் என்றும் கிளப்பிடம் கேளுங்கள். பக்கத்தில் வசதி இல்லை என்று வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் நிரப்பலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், நல்லவேளை கேட்டார். உள்ளே கொஞ்சம் எண்ணெயோ கிரீஸோ இருந்தாலும் அழுத்தத்தில் இருக்கிற ஆக்சிஜன் வெடித்துவிடும்.

எங்கே தேடுவது? சென்னை, கோவை, மதுரை, திருச்சி நான்கிலும் ரைபிள் கிளப் உண்டு. மற்ற மாவட்டங்களில் இருக்கிறதா என்று தமிழ்நாடு துப்பாக்கி சுடுதல் சங்கத்தில் விசாரியுங்கள். நடிகர் அஜித் மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட பிறகு கிளப்புகளைத் தேடி வருபவர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தோஷம்தான். கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதைப் பார்த்துப் பெண் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களும் உண்டு. தனியார் அகாடமிகளும் நிறைய வந்துவிட்டன, நல்லவை இருக்கின்றன, மேலே சொன்னதையெல்லாம் பார்த்துவிட்டுச் சேருங்கள். கிளப்பில் அடையாளச் சான்றும் அறிமுகமும் கேட்டு, உறுப்பினராக்கக் காத்திருக்க வைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், யாரையும் கேள்வி கேட்காமல் அன்றைக்கே துப்பாக்கியைக் கையில் கொடுக்கிற இடத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். போகவர ரைபிளை மூடிய பெட்டியில் வையுங்கள், பெல்லட் தனியாக இருக்கட்டும், பில் நகல் கூடவே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் யார் கேட்டாலும் வெளியே எடுத்துக் காட்டாதீர்கள்.

ரேஞ்ச் தூரமாக இருப்பது பெரிய தடையும் அல்ல. வாரம் ஒரு நாள் வந்தால் போதும், மற்ற நாட்களில் வீட்டில் சுவரைப் பார்த்து பெல்லட் இல்லாமல் நிற்கவும் மூச்சை அடக்கவும் ட்ரிகரை அழுத்தவும் பழகலாம். போட்டி ரைபிள்களில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கும். ஸ்பிரிங் ரைபிளில் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், காலியாகச் சுட்டால் உள்ளே பிஸ்டன் அடிபட்டுவிடும்.

அந்த அப்பாவும் மகளும் அன்றைக்கு வெறும் கையோடு திரும்பவில்லை. கிளப்பின் பழைய ரைபிள் ஒன்றைக் கொடுத்து, சாண்ட்பேக் மேல் தாங்கி, பத்து பெல்லட் சுடவைத்து அனுப்பினேன். இப்போது ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வருகிறார்கள். அவளுடைய ஸ்பிரிங் ரைபிள் வீட்டு பீரோவில் பூட்டியிருக்கிறது, சாவி அம்மாவிடம். போன ஞாயிறு லேனில் நின்று ரைபிளைத் தூக்கப்போனவள் அப்படியே கீழே வைத்துவிட்டு, "சார், அந்தப் பக்கக் கதவு தாழ் போட்டிருக்கா?" என்று கேட்டாள். போட்டிருந்தது. போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் "லோட்" சொன்னேன்.