கழுத்துக் கட்டி ஆபரேஷன்: 70 வயதானவர்களுக்கு வய வந்தனா அட்டையில் என்ன கிடைக்கும்?

"கேன்சர் இல்லை" என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த பேச்சு, "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், செலவு வேற."

செலவுக்கு வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 29-இல் தொடங்கிய, மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையான ஆயுஷ்மான் வய வந்தனாவை 70 வயது நிரம்பிய எவரும் வாங்கலாம். வருமான வரம்பு கிடையாது, ஆதார் போதும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளி சிகிச்சை இலவசம். கணவன், மனைவி இருவருமே 70 கடந்திருந்தால் அந்தத் தொகை இருவருக்கும் பொது. பல வருடக் கட்டி என்று தள்ள முடியாது. முதல் நாளிலிருந்தே செல்லும். தனியார் காப்பீடு இருப்பவர்களுக்கும் உண்டு. சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான மருத்துவத் திட்டம்) போன்ற அரசுத் திட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அழகுக்காகச் செய்யும் அறுவை இதில் சேராது. தொந்தரவே தராத கொழுப்புக் கட்டியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். மார்புக்குள் இறங்கிய தைராய்டு வீக்கம் அப்படியல்ல. டாக்டர் இரண்டு கைகளையும் காதை ஒட்டித் தூக்கச் சொல்வார். சற்று நேரத்தில் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தால், உள்ளே ரத்தக்குழாய் நெருக்கப்படுகிறது என்று பொருள். மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை அடுக்கிச் சாய்ந்து தூங்குவதையும், மாத்திரை தொண்டையில் நிற்பதையும் வயசுக் கோளாறு என்று நாம் விட்டுவிடுகிறோம். விடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். ஆபரேஷனுக்கு மருத்துவமனை இந்தத் திட்டத்திடம் முன் அனுமதி கேட்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

வெளிநோயாளிச் செலவு இதில் வராது. அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் பரிசோதனையும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் மருந்தும் சேரும். அதனால் ஸ்கேன், ஊசிப் பரிசோதனை இரண்டையும் அரசு மருத்துவமனையில் முடித்துக்கொள்வது நல்லது. தைராய்டு முழுவதையும் எடுத்தால் ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை. 15 நாளுக்குப் பிறகு அது உங்கள் கணக்கு.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்துக்குள் கசியும் ரத்தம் மூச்சுக்குழலை அமுக்கிவிடும். ஆனால் நீங்களாகவும் நிறுத்தாதீர்கள், இதயத்துக்கு ஆபத்து.

எந்த மருத்துவமனை அட்டையை ஏற்கிறது என்று திட்டத்தின் உதவி எண்ணான 14555-இல் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போனதும் முதலில் ஆரோக்ய மித்ராவை (இந்தத் திட்டத்துக்காக மருத்துவமனையில் இருக்கும் உதவியாளர்) பாருங்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்குப் பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் அதே எண்ணில் புகார் சொல்லுங்கள்.