ஊட்டிக் குளிரில் சிறுத்தைப் பல்லி: தொட்டிக்குள் ஈரம் எங்கே போகிறது?

ஜூலை மாதத்து ஊட்டியில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அதையே ரூம் ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி மேல் போட்டுவைத்தால் விடிவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். என் வீட்டுச் சிறுத்தைப் பல்லியின் விரலில் பழைய தோல் ஒட்டி இறுகிப்போனதற்கும் இதுதான் காரணம். அது புரிய எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

கடைகளில் லெபர்டு கெக்கோ என்று சொல்லும் இந்தப் பல்லியின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அதை ஒட்டிய வடமேற்கு இந்தியா. பாறையும் புதருமான வறண்ட நிலம். நம் வீட்டுப் பல்லிபோல இது சுவரேறாது. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் தூங்கும். உடம்புச் சூட்டை உணவிலிருந்து உண்டாக்கிக்கொள்ள இதனால் முடியாது, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். தின்ற பூச்சி செரிக்கவே வயிற்றுக்கடியில் சூடு வேண்டும். அதனால் தொட்டியின் ஒரு முனையில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 24 முதல் 26. தொட்டி முழுக்க ஒரே சூடு இருந்தால் அதற்குத் தப்பிக்க இடமில்லை. இரண்டு முனைக்கும் நடுவில் போய் வந்துதான் அது தன் உடம்பைச் சரிசெய்துகொள்கிறது.

இனி ஈரத்துக்கு வருவோம். ஈரமானி காட்டும் சதவீதம் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அல்ல, அந்தச் சூட்டில் நிற்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 10 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 9 கிராம் நீராவிதான் நிற்கும். 30 டிகிரியில் 30 கிராம் வரை நிற்கும். ஜன்னலுக்கு வெளியே 10 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம், கண்ணை மறைக்கும் மூடுபனி. அந்தக் காற்றுதான் தொட்டிக்குள் நுழைந்து 30 டிகிரிக்குச் சூடாகிறது. ஒரு சொட்டு நீர்கூட வெளியேறவில்லை, ஆனால் ஈரப்பதம் கிட்டத்தட்ட 26 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது! சிறுத்தைப் பல்லிக்கு 30 முதல் 40 வேண்டும்.

தோலுரியும்போது பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் இடையில் மெல்லிய ஈரம் ஊறி இரண்டையும் பிரிக்கும். காற்று வறண்டிருந்தால் அந்த ஈரம் சீக்கிரமே காய்ந்துவிடும். விரல் நுனியில் தங்கும் தோல் நூல் கட்டியதுபோல் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். என் பல்லிக்கு ஒரு விரல் நுனி போனது அப்படித்தான்.

அப்போது நான் செய்த தவறு, தொட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்தது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அந்த ஆவி ஜன்னல் பக்கத்துக் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாய்ப் படிந்து தரையில் வழிந்தது. குளிரும் ஈரத் தரையும் சேர்ந்தால் பல்லிக்கு நுரையீரல் நோய் வர வழியாகும். அதனால் சூட்டை முதலில் நிலைப்படுத்துங்கள், ஈரத்தை அப்புறம் பாருங்கள்.

சமவெளியில் போதுமான ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) மலையில் போதாது. அது தொட்ட இடத்தை மட்டும் சுடவைக்கும், காற்றை அல்ல. மேலிருந்து ஒளியில்லாத செராமிக் ஹீட்டர் வேண்டும், அதோடு சூடு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் கட்டாயம். மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியே தெர்மோகோல் ஒட்டுங்கள். சூடான காற்று வலைமூடி வழியாகப் புகைபோக்கியில் போவதுபோல் மேலேறி ஈரத்தையும் இழுத்துச் செல்லும். மூடியில் பாதியை மறைத்தால் போதும், முழுதும் மறைத்தால் பூஞ்சை வரும். மழையில் கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றி, சூடு திரும்பும்வரை இரை போடாதீர்கள்.

ஈரமானியை நம்பும் முன் சோதித்துப் பாருங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒருநாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி எத்தனை காட்டுகிறதோ, அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நியூ கலிடோனியத் தீவின் கிரெஸ்டட் கெக்கோவுக்கு 22 முதல் 26 டிகிரியே போதும் என்பதால் மலைவாசிகளுக்கு அது எளிது. ஆனால் 60 சதவீதத்துக்கு மேல் ஈரம் கேட்கும். நம் மலைப் பல்லிகளைப் பிடித்து வளர்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். கொடைக்கானலில் வாழும் ஓர் இனத்துக்கு 2019இல் அறிவியல் பெயரிலேயே 'தொல்பல்லி' என்று தமிழில் பெயர் சூட்டினார்கள். அவை காட்டில்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஒரு பிளாஸ்டிக் டப்பா. பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே ஈரத் தென்னைநார்த் தூளை நிரப்பி, சூடான முனைக்குச் சற்றுத் தள்ளி வைத்தேன். தொட்டி காய்ந்தே இருக்க, டப்பாவுக்குள் மட்டும் 70 சதவீதத்துக்கு மேல். அடுத்த முறை உடம்பு வெளிறத் தொடங்கியதும் பல்லி தானாகவே அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. காலையில் பார்த்தால் மினுமினுவென்று புதுத் தோல். பழையதைத் துளி மிச்சமில்லாமல் உரித்துத் தின்றிருந்தது.