பாதி தூரம் போதும்: மெதுவான அசைவில் என்னதான் நடக்கிறது?

"முதுகுவலிக்காக ஒரு வகுப்பில் சேர்ந்தேன். தரையில் படுக்க வைத்து, இடுப்பை ஒரு பக்கமாக மெதுவாக உருட்டச் சொல்கிறார்கள். கொஞ்சம் முயன்று நன்றாகத் திருப்பினால், வேண்டாம், பாதி தூரம் போதும் என்கிறார்கள். ஒரு சொட்டு வியர்வைகூட வரவில்லை. இது பயிற்சிதானா, இல்லை காசு பிடுங்கும் வேலையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நியாயமான சந்தேகம்தான். இந்த மாதிரி வகுப்புகளுக்கு ஃபெல்டன்கிரைஸ் முறை, அலெக்சாண்டர் நுட்பம் என்று பல பெயர்கள் உண்டு. சீனாவின் மெதுவான அசைவுப் பயிற்சியான தாய்ச்சியையும் இந்தக் குடும்பத்தில் தூரத்து உறவாகச் சேர்க்கலாம். மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) சாமியாரும் இல்லை, மருத்துவரும் இல்லை. பாரிசில் அணு விஞ்ஞானி ஃபிரெடரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், ஜூடோ வீரர். முழங்கால் கெட்டுப்போனதால், தான் எப்படி நடக்கிறோம் என்பதைத் தானே ஆராயத் தொடங்கினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் "விசையைக் குறை, அப்போதுதான் வித்தியாசம் தெரியும்" என்ற அடிப்படை யோசனைக்குப் பின்னால் உறுதியான உடலியல் இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்கள். கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஐம்புலன்களில் எதுவும் இல்லை. தசையும், அதை எலும்போடு கட்டும் தசைநாணும், மூட்டும் தோலும் சேர்ந்து அனுப்பும் செய்திதான் சொன்னது. இந்தத் தன்னிலை உணர்வுக்கு 1906இல் ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன். தசைக்குப் போகும் நரம்பில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையிலான இழைகள், தசைக்குக் கட்டளை கொண்டுபோவதில்லை. தசையிலிருந்து செய்தி கொண்டுவருகின்றன என்று அதற்கு முன்பே காட்டியவரும் அவர்தான். தசையை வெறும் மோட்டார் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. அது பாதி மோட்டார், பாதி புலன்.

இந்தப் புலன் போய்விட்டால் என்ன ஆகும்? 1971இல் இங்கிலாந்தில் 19 வயது இளைஞர் ஒருவருக்குத் தொற்று ஒன்றைத் தொடர்ந்து, கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் தன்னிலை உணர்வும் முழுக்கப் போயின. தசைகளுக்குப் போகும் கட்டளை நரம்புகள் நன்றாகவே இருந்தன. பக்கவாதமே இல்லை. ஆனால் படுக்கையில் எழுந்து உட்கார முடியவில்லை. கையை உயர்த்தினால் அது எங்கோ போனது. பிறகு பல ஆண்டுகள் உழைத்து, ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்தே நடத்தக் கற்றுக்கொண்டார். திடீரென விளக்கு அணைந்தால் கீழே விழுந்துவிடுவார். பலம் இருந்தும் தகவல் இல்லாத உடல் அப்படித்தான்.

சரி, தகவல் எங்கிருந்து கிளம்புகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தசைக்குள், சாதாரணத் தசைநார்களுக்கு இணையாக, சில மில்லிமீட்டர் நீளமுள்ள சின்னஞ்சிறு உறைகள் பதிந்திருக்கின்றன. நடு பருத்து, இரு முனையும் கூம்பிய வடிவம். அதனால் தசைக்கதிர் என்று பெயர். கழுத்தில் மண்டையோட்டுக்கு அடியில் இருக்கும் குட்டித் தசைகளில் இவை நெருக்கமாக அடைந்து கிடக்கும். ஒவ்வொரு உறைக்குள்ளும் திரவத்தில் மூழ்கிய சில மெல்லிய நார்கள். நாரின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு நரம்பு முனை சுருள் சுருளாகப் பின்னியிருக்கும். தசை நீண்டால் நடுப்பகுதி இழுபடும், சுருள் விரியும், நரம்பு துடிக்கும். எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று இரண்டையும் சொல்லிவிடும். இழுபடுதலை மின்துடிப்பாக மாற்றுவதில் பியசோ2 என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அதைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல். தசை சுருங்கும்போது என்ன செய்வது? சுற்றியுள்ள தசை குறுகினால், உள்ளே இருக்கும் கதிர் தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி ஆகிவிடும். தொய்ந்த கயிற்றின் ஒரு முனையைக் கொஞ்சம் அசைத்தால் மறுமுனைக்குத் தெரியவே தெரியாது. அதாவது நீங்கள் ஒரு தசையைப் பயன்படுத்தும் அதே நேரத்தில் அந்தத் தசை ஊமையாகிவிட வேண்டும்.

அப்படி ஆகாமல் இருக்க உடலில் ஓர் அழகான ஏற்பாடு. கதிருக்குள் இருக்கும் நார்களின் இரு முனைகளும் தாமும் சுருங்கக்கூடியவை. அவற்றுக்கென்றே தண்டுவடத்திலிருந்து காமா நரம்புகள் என்று தனியாக வருகின்றன. தசையைச் சுருக்கும் கட்டளை கிளம்பும்போது காமா நரம்புகளுக்கும் கூடவே ஒரு கட்டளை போகிறது. தசை குறுகக் குறுக, கதிரின் முனைகளும் சுருங்கி நடுப்பகுதியைத் திரும்ப விறைப்பாக்குகின்றன. இப்படி, கருவி தன் உணர்திறனை அந்தந்த நொடியில் தானே சரிசெய்துகொண்டு போகிறது. காமா நரம்புகள் நகர்த்தும் நார்களுக்குக் கைகாலை அசைக்கும் வலு கிடையாது. அவற்றின் வேலையெல்லாம் உணர்வதற்காகத்தான்.

இதை உயிருள்ள மனிதரில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1960களில் சுவீடனில் ஹாக்பார்த், வால்போ என்ற இருவர், மயிரிழை போன்ற டங்ஸ்டன் ஊசியை விழித்திருக்கும் ஆளின் நரம்புக்குள் செலுத்தி, ஒற்றை நரம்பிழையின் துடிப்பைப் பதிவுசெய்யும் முறையை உருவாக்கினார்கள். முதலில் தங்கள் கையிலேயே குத்திப் பார்த்துக்கொண்டார்கள். அந்த முறையில் பிறகு தெரியவந்த ஒன்றுதான் நம் வாசகரின் கேள்விக்கு நேரடியான பதில். தசை மெதுவாகச் சுருங்கும்போது கதிர்கள் தொடர்ந்து துடிக்கின்றன. வேகமாகச் சுருங்கினால் காமா நரம்புகளின் சரிக்கட்டல் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடுகிறது; கதிர்கள் மௌனமாகிவிடுகின்றன. எதிர்ப்புறத் தசை அப்போது நீள்வதால் அதன் கதிர்கள் பேசிக்கொண்டிருக்கும், ஆகவே மூளை இருட்டில் விடப்படுவதில்லை. இருந்தாலும் மெதுவாகப் போகும்போதுதான் இரண்டு பக்கத்திலிருந்தும் செய்தி வருகிறது.

வேகம் ஒரு பக்கம். விசை இன்னொரு பக்கம். லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் 1834இல் வெளியிட்ட கணக்கு பள்ளிப் பாடத்திலேயே உங்களுக்கு எட்டியிருக்கலாம். எடையைக் கையில் தூக்கிப் பார்க்கும்போது, வித்தியாசம் தெரிய சுமார் 40இல் 1 பங்கு மாற வேண்டும். 400 கிராமில் 10 கிராம் கூடினால் தெரியும். 4 கிலோவில் அதே 10 கிராம் காணாமல் போய்விடும், 100 கிராம் வேண்டும். முயற்சிக்கும் இதே போக்குதான்: முழு பலத்தோடு கழுத்தைத் திருப்பும்போது, தோளும் தாடையும் தேவையில்லாமல் இறுகுவது அந்தப் பெரும் முயற்சியில் அமுங்கிப்போகும். போதாக்குறைக்கு, கட்டளை பெரிதாக ஆக அதிலுள்ள தடுமாற்றமும் பெரிதாகிறது என்று 1998இல் ஹாரிஸ், வால்பெர்ட் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. பலமாகச் செய்யும் அசைவு கரடுமுரடாகவும் இருக்கும், அது கரடுமுரடாக இருப்பது நமக்குத் தெரியவும் செய்யாது.

இப்போதே செய்து பார்க்கலாம். தலையை வலது பக்கம் முடிந்த மட்டும் திருப்புங்கள். பார்வை எங்கே போய் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதில் பாதி தூரம் மட்டும், ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும் நேரம் எடுத்துத் திருப்புங்கள். சில முறை செய்த பிறகு கவனித்துப் பாருங்கள்: திரும்பத் தொடங்கும் கணத்தில் மூச்சு பிடித்துக்கொள்கிறதா? பற்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா? வலது தோள் காதை நோக்கி ஏறுகிறதா? நாக்கு மேலண்ணத்தில் அழுந்துகிறதா? ஏதாவது ஒன்று சிக்கும். அதை விட்டுவிட்டுத் திரும்பிப் பாருங்கள். கடைசியில் மறுபடி முழுதாகத் திரும்பினால், பலருக்குப் பார்வை முன்பைவிடத் தள்ளிப் போயிருக்கும். அத்தனை சீக்கிரத்தில் தசை நீண்டிருக்க வழியில்லை. குறுக்கே நின்ற இறுக்கம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த இறுக்கம் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? மூளை தான் அனுப்பும் கட்டளையின் நகல் ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வரப்போகும் உணர்வை முன்கூட்டியே கணித்து, வந்ததிலிருந்து கழித்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்க முடியாததற்கு இதுவே காரணம். ஒரு சோதனையில் இருவரை உட்கார வைத்து, ஒருவர் விரலை மற்றவர் மாறி மாறி அழுத்த வைத்தார்கள். நீங்கள் பெற்ற அதே விசையைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் விதி. ஒவ்வொரு சுற்றிலும் விசை ஏறிக்கொண்டே போனது. தான் கொடுப்பது ஒவ்வொருவருக்கும் குறைவாகவே தெரிந்தது. (சிறுவர் சண்டைகளில் இரு தரப்பும் "அவன்தான் ஓங்கி அடித்தான்" என்று சத்தியம் செய்வதில் பொய்யே இல்லை போலிருக்கிறது.) நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு இருக்கும் தோளும் அதே கணக்கில் கழிந்துபோகிறது. வழக்கத்துக்கு மாறான வேகத்தில், மாறான நிலையில் படுத்துக்கொண்டு செய்யும்போது கணிப்பு பிசகுகிறது. பிசகினால்தான் மூளை கவனிக்கும், கவனித்தால்தான் கற்கும்.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 1996இல் நான்சி பில், மைக்கேல் மெர்செனிக் குழுவினர் குரங்குகளை ஒரே மாதிரியான கைப்பிடி அசைவை வேகவேகமாகத் திரும்பத் திரும்பச் செய்யப் பழக்கினார்கள். மூளையின் மேலடுக்கான புறணியில் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டிய விரல்களின் வரைபடம் குழம்பிக் கலந்துபோனது. சில இசைக்கலைஞர்களின் விரல்கள் சொன்ன பேச்சு கேட்காமல் மடங்கிக்கொள்ளும் நோயைப் புரிந்துகொள்ள அது உதவியது.

ஆக, வியர்வை வராததால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதே சமயம் தசை வலுவும் இதயத் திறனும் இதனால் வளராது. அதற்கு நடையும் எடைப்பயிற்சியும்தான். முதுகுவலியோடு கால் மரத்துப்போவதோ காய்ச்சலோ சிறுநீர்க் கட்டுப்பாடு போவதோ இருந்தால், முதலில் மருத்துவரிடம் போங்கள்.

சிகிச்சையாக இவை எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி. 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நாட்பட்ட முதுகுவலி உள்ள 579 பேரில் 24 அலெக்சாண்டர் பாடங்கள் எடுத்தவர்களுக்கு, ஓராண்டு கழித்து வலி இருந்த நாட்கள் நான்கு வாரங்களில் 3. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 21. தாய்ச்சி முதியவர்கள் கீழே விழுவதைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஃபெல்டன்கிரைஸ் முறைக்கு அந்த அளவு கிடையாது. சமநிலை மேம்படுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. 2015இல் ஆஸ்திரேலிய அரசின் மதிப்பாய்வு தெளிவான சான்று இல்லை என்றது, 2019இல் அங்கே இந்த வகுப்புகளுக்கான காப்பீட்டு மானியமும் போனது.

இந்த இடைவெளியில்தான் கதைவிடுபவர்கள் புகுந்துகொள்கிறார்கள். இடுப்பில் பழைய துக்கம் தேங்கி நிற்கிறது, உருட்டினால் நச்சு வெளியேறும், குவாண்டம் அதிர்வு சீராகும் என்றெல்லாம் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். காமா நரம்பு செய்யும் வேலை அந்தக் கதைகளைவிடச் சுவாரசியமானது, உண்மையும்கூட.

ஃபெல்டன்கிரைஸ் முறைக்குப் பெரிய ஆய்வுகள் ஏன் வரவில்லை என்றால், தலையை மெதுவாகத் திருப்புவதற்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. விற்க மாத்திரை இல்லாத இடத்தில் தனியார் பணம் வராது. பொதுப்பணம்தான் வர வேண்டும். எனக்குக் கையில் நிதி இருந்தால் முதலில் கேட்பது ஒரே ஒரு ஆய்வுதான்: நரம்பிழையின் துடிப்பைப் பதிவுசெய்யும் அதே டங்ஸ்டன் ஊசியை வைத்து, சில மாத வகுப்புக்கு முன்னும் பின்னும், ஒரே ஆளின் கதிர்கள் மெதுவான அசைவில் எப்படித் துடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். மாறுவது தசையிலுள்ள கருவியா, அது சொல்வதைக் கேட்கும் மூளையா என்று அதில் தெரிந்துவிடும். என் பந்தயம் மூளை மேல்.