கண்மாய் வண்டலும் ஒரு தவறான பெயரும்

மேலூர் பக்கம் ஒரு நெல் வயல். அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த மண்ணின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து வந்தேன். அமிலத்தில் சுத்தம் செய்து ஸ்லைடு போட்டால், சின்னச் சின்ன உருளைகளாக அவுலகோசெய்ரா கொட்டிக் கிடந்தது. அது ஒரு டயாட்டம், அதாவது ஓடு போர்த்திய ஒற்றைச் செல் பாசி. 'மண்வாழ் டயாட்டம்' என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். அடுத்த முறை போனபோது வயல்காரர் பேச்சோடு பேச்சாக, "போன கோடையில கண்மாய் வண்டல் நாலு டிராக்டர் அடிச்சேன் சார்" என்றார். நோட்டில் அந்த வரியை அடித்தேன்.

அவுலகோசெய்ரா தண்ணீரில் மிதந்து வாழ்வது. ஆனால் டயாட்டத்தின் ஓடு சிலிக்கா. உயிர் போனாலும் லேசில் மட்காது. வண்டலோடு வரும், பெரியாறு கால்வாய்த் தண்ணீரோடு வரும், புழுதியோடும் வரும். அமிலம் பட்டதும் பழுப்பு நிறமி போய் வெறும் கண்ணாடி ஓடுதான் மிஞ்சும். எது உயிரோடு இருந்தது, எது என்றோ செத்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

அதனால் இப்போதெல்லாம் மண்ணில் ஒரு பங்கைத் தட்டில் பரப்பி, ஈரமாக்கி, மேலே கவர் ஸ்லிப்புகளை வைத்து ஜன்னலோரம் விட்டுவிடுகிறேன். ஓரிரு நாளில் ஊர்ந்து மேலே வந்தவை கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ராஃபி என்ற நீளப் பிளவு ஓட்டில் உள்ளவைதான் இப்படி ஊரும். அவுலகோசெய்ராவுக்கு அது கிடையாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மண்ணில் அடிக்கடி கிடைக்கும் ஹான்ட்சியாவையும் அதன் பங்காளி நிட்சியாவையும் பிரிப்பதற்கு, செல் முழுசாக இருக்க வேண்டும். மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டிலும் ராஃபி ஒரே பக்கமாக இருந்தால் ஹான்ட்சியா. எதிரெதிர் மூலையில் இருந்தால் பெரும்பாலும் நிட்சியா. அமிலம் இரண்டு ஓட்டையும் கழற்றிவிடும்.

அதற்காக அமிலமே வேண்டாம் என்றில்லை. ஓட்டின் வரிகளை எண்ண அது வேண்டும்: 100 மடங்கு ஆயில் லென்ஸில், 10 மைக்ரானுக்கு எத்தனை வரி என்று. நீளத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள். செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் புது ஓடு பழையதற்கு உள்ளே உருவாவதால், ஒரே இனம் தலைமுறைக்குத் தலைமுறை குட்டையாகிக்கொண்டே போகும். பிறகு இனப்பெருக்கத்தில்தான் பழைய அளவுக்குத் திரும்பும். ஹான்ட்சியா ஆம்ஃபியாக்ஸிஸ் என்று நாம் பழக்கத்தில் எழுதுவதற்குள்ளேயே பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரியவந்துவிட்டது. எனக்குச் சந்தேகமென்றால் 'ஆம்ஃபியாக்ஸிஸ் கூட்டம்' என்று எழுதி நிறுத்திக்கொள்வேன். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பு இருக்கும். அதில் நேரே கந்தக அமிலத்தை ஊற்றினால் ஜிப்சம் ஊசி ஊசியாகப் படிந்து ஸ்லைடைக் கெடுத்துவிடும். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், நுரை அடங்கும் வரை. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

என் மண் பொட்டலங்களில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: 'வண்டல் அடித்ததா? எந்தக் கண்மாய்?' மேலூர்க்காரர் சொன்ன கண்மாயிலும் போய் ஒரு கைப்பிடி அள்ளி வந்து பார்த்தேன். அதே உருளைகள்.