ட்ரியாஜ்: கீரை ஆயும் கைக்குத் தெரிந்த சொல்

மலேசிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும், வருபவர்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரிக்கும் 'ட்ரியாஜ்' கவுண்டர் இருக்கும். மலாயிலும் அதே சொல்தான். நம்மவர்கள் வாயில் அந்தப் பெயர் வராது. "அப்பாவைப் பச்சை ஸோன்ல போட்டுட்டாங்க" என்று முடிவை மட்டும் சொல்வார்கள்.

போன ஆண்டு நானும் அப்படித்தான் சொன்னேன். ஆயர் ஈத்தாம் வீட்டில் தேங்காய் வெட்டும்போது பாராங் கத்தி நழுவி அப்பாவின் இடது கையில் இறங்கிவிட்டது. துண்டைச் சுற்றி அழைத்துப் போனோம். கவுண்டரில் இருந்த மிஸி (நர்ஸ்) துண்டைப் பிரித்துப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். நகத்தை அழுத்தி விட்டு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று கவனித்தார். "பச்சை ஸோன். உட்காருங்க அங்கிள், கூப்பிடுவாங்க." துண்டெல்லாம் ரத்தமாக இருக்கும்போது உட்காரச் சொன்னால் தம்பிக்குக் கோபம் வராதா?

அடுத்து ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். ரத்தமும் இல்லை, சத்தமும் இல்லை. நெற்றி முழுக்க வியர்வை, வெளுத்துப்போன முகம். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தைக்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அந்த நிமிஷமே அவரைச் சிவப்பு ஸோனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்பி அப்புறம் வாய் திறக்கவில்லை.

ட்ரியாஜ் பிரெஞ்சுச் சொல். 'ட்ரியே' என்றால் பொறுக்கிப் பிரிப்பது. சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று நிறம் இருப்பதால் 'ட்ரை' என்பது மூன்றைக் குறிக்கிறது என்று சிலர் விளக்குகிறார்கள். அது தவறு. ஆங்கிலத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் வந்தபோது இந்தச் சொல் ஆட்டு ரோமத்தைத் தரம் பிரிக்கும் வேலையைக் குறித்தது. பிறகு காப்பிக்கொட்டையில் கழித்த உடைசலுக்கும் அதுவே பெயர். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, பதவியையும் நாட்டையும் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சை தந்தவர். ஆனாலும் மருத்துவத்தில் இந்தச் சொல் ஊன்றியது முதல் உலகப் போரில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தரம் பிரித்தல்' எனக்கு உறுத்துகிறது. ரப்பர் ஷீட்டைத் தரம் பிரித்த குடும்பத்துக்காரன் நான். தரம் என்பது பொருளுக்கு. வலியோடு வந்தவருக்கு அல்ல. 'முன்னுரிமைப்படுத்தல்' பொருளில் சரி, ஆனால் அலுவலகக் கடிதம் போல் கனக்கிறது.

நம்மிடம் 'ஆய்தல்' இருக்கிறதே! அம்மா முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பழுத்த இலை ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம், நல்லது முறத்தில். எந்த இலையிலும் கண் ஒரு நொடிக்கு மேல் நிற்காது, ஆனால் எதையும் பார்க்காமல் விடாது. பிரெஞ்சுக்காரர் சொன்ன பொறுக்கிப் பிரிக்கும் வேலை அப்படியே இதுதான். ஆய்வும் ஆராய்ச்சியும் இதே வேரில் பிறந்தவை. தொல்காப்பிய உரியியல் ஆய்தலை 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. அதனால் முதலுதவிக்கு முன்னால் நடப்பதை 'முதலாய்வு' என்றே நான் சொல்லிவருகிறேன். "முதலாய்வில் சிவப்பு" என்றால் யாருக்கும் புரியும்.

பலர் அடிபட்டுக் கிடக்கும் இடத்துக்கு 1983இல் கலிபோர்னியாவில் ஒரு முறை வகுத்தார்கள். முதலில், நடக்க முடிந்தவர்களை ஓரமாக வரச் சொல்வார்கள், அவர்கள் பச்சை. மற்றவர்களில் நிமிஷத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்குகிறவர், அழுத்திய நகத்தில் 2 நொடிக்குள் ரத்தம் திரும்பாதவர், "கையைத் தூக்குங்க" என்றால் செய்ய முடியாதவர் சிவப்பு. மூச்சில்லாதவரின் சுவாச வழியைத் திறந்ததும் மூச்சு வந்தால் அவரும் சிவப்பு. அப்பாவின் நகத்தை மிஸி ஏன் அழுத்தினார் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டில் ஒருவர் சுருண்டு விழுந்தாலும் முதலாய்வுதான் முதல். சுற்றி ஆபத்து உண்டா என்று பார்த்து, தோளைத் தட்டிக் கூப்பிட்டு, 10 நொடிக்குள் மூச்சைக் கவனிக்க வேண்டும். எப்போதாவது திணறி இழுப்பதை மூச்சு என்று எண்ணக் கூடாது. கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லை என்றால் உடனே 999ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.